கல்லீரல், ஹெபடைடிஸ் ஆராய்ச்சி: டெல்டாவிலிருந்தே தொடங்க முடியுமா?

மண்ணியாறு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். வைரஸ் ஹெபடைடிஸ், அதன் பின்னால் வரும் சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது), கல்லீரல் புற்றுநோய், இந்த வட்டத்துக்குள் ஆராய்ச்சியாளராக வேண்டும் என்பது முடிவு. ஓபி பார்ப்பதை விட மனமில்லை; அதோடு நிற்கவும் மனமில்லை.

கேள்வி மூன்று. எம்டி, டிஎம் என்று போவதா, பிஎச்டி பக்கம் திரும்புவதா? சென்னை, வேலூர், டெல்லி போகிறவரை காத்திருக்காமல் இங்கேயே உருப்படியாக என்ன செய்யலாம்? அடுத்தது, இந்தப் பக்கம் மஞ்சள் காமாலை என்றாலே முதலில் கீழாநெல்லிதான். வார்டுக்கு வருகிறவர்களில் பலர் அதை அரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதையே ஆய்வாக எடுப்பது புத்தியா, வம்பா?

கையில் இருக்கும் யோசனை இது: கொள்ளிடக் கரையில் நாலு கிராமம், 400 பேர், எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை ஆன்டிஜன்) கார்டு டெஸ்ட். ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

---

வெண்ணாறு_தெற்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

பட்டத்தை வைத்து வழியைத் தேடாதீர்கள். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதை வைத்துத் தேடுங்கள். யாருக்கு எப்போது மருந்து தொடங்குவது, யாருக்கு சிர்ரோசிஸ் முற்றும், ரத்த வாந்தியை எப்படித் தடுப்பது என்பவை நோயாளி அருகில் இருந்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகள். அதற்கு எம்டி ஜெனரல் மெடிசின் 3 ஆண்டு, பிறகு நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) எழுதி டிஎம் ஹெபடாலஜி அல்லது மெடிக்கல் கேஸ்ட்ரோ இன்னொரு 3 ஆண்டு. வைரஸின் மரபணு வகை, மருந்துக்குப் பணியாத திரிபு, புதுப் பரிசோதனை என்றால் எம்டி மைக்ரோபயாலஜி அல்லது பிஎச்டி. ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்த வழியாகப் பரவுகிறது என்றால் எம்டி கம்யூனிட்டி மெடிசின், அல்லது சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொற்றுநோயியல் நிறுவனம். சில நிறுவனங்கள் எம்பிபிஎஸ் முடித்தவரை நேராகவே பிஎச்டியில் சேர்க்கின்றன. ஆனால் அப்படிப் போனால் பின்னால் ஹெபடாலஜி வார்டுக்குள் சொந்த நோயாளி இருக்கமாட்டார்.

பணக் கணக்கையும் பாருங்கள். பிஎச்டி செய்பவருக்கு ஜேஆர்எஃப் (இளநிலை) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. டிஎம் முடித்தவர் தனியாரில் வாங்குவதோடு இதை ஒப்பிட்டால் வயிறு எரியும். அதற்கு மறுபக்கமும் உண்டு: டிஎம் முடித்தவருக்கு எண்டோஸ்கோப்பி அறையிலேயே நாள் போய்விடும், ஆராய்ச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒழுங்காக வேலை செய்கிற அமைப்பு ஒன்றே ஒன்று: நோயாளி பார்ப்பவர் ஒருவர், ஆய்வகம் பார்ப்பவர் ஒருவர், இருவரும் முதல் நாளே உட்கார்ந்து ஒரே புரோட்டகால் எழுதுவது.

ஹெபடைடிஸ் சி வரலாறே இதற்குச் சாட்சி. ஹார்வி ஆல்டர் ரத்தம் ஏற்றியவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்களுக்கு வந்த ஹெபடைடிஸ் ஏ-யும் இல்லை பி-யும் இல்லை என்று நிறுவினார். வைரஸின் மரபணுத் துண்டை 1989ல் பிடித்தது கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹாட்டன் குழு. அந்த வைரஸ் மட்டுமே நோய் உண்டாக்கப் போதும் என்று 1997ல் காட்டியது சார்ல்ஸ் ரைஸ். மூவருக்கும் 2020ல் நோபல். மூன்று வகை வேலை, மூன்று வகை ஆள்.

ஐசிஎம்ஆரின் இரண்டு மாத எஸ்டிஎஸ் என்ற மாணவர் ஆராய்ச்சித் திட்டம் எம்பிபிஎஸ் படிக்கும்போதே போட வேண்டியது, ஜூனியர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இப்போது உதவுவது பிசிபிஆர் என்ற ஆன்லைன் ஆராய்ச்சிப் பாடம். பிஜி சேர்ந்ததும் எப்படியும் கட்டாயம், இப்போதே முடித்துவிடுங்கள்.

---

அரசலாறு

ஆய்வகப் பக்கத்திலிருந்து நான். இந்தத் துறையில் பெயர் வாங்கித் தருவது மைக்ராஸ்கோப் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஃப்ரீசரும் பதிவேடும்தான். 1955 டிசம்பரில் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அப்போது எல்லாரும் ஹெபடைடிஸ் ஏ என்றார்கள். எடுத்து வைத்திருந்த சீரத்தைப் பல ஆண்டு கழித்துச் சோதித்தபோதுதான் (1980ல் வெளியானது) ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் குப்பிகளை யாரோ ஒழுங்காக லேபிள் ஒட்டி வைத்திருந்தார்கள்.

ஆகவே இந்த வருஷமே கற்றுக்கொள்ள வேண்டியது மாதிரி எடுப்பது. வைரஸ் டிஎன்ஏ, ஆர்என்ஏ பார்க்க வேண்டுமென்றால் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் 5 மில்லி ரத்தம். ஹெப்பாரின் குழாய் வேண்டவே வேண்டாம், அது பிசிஆரை (மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) தடுக்கும். முடிவு நெகட்டிவ் என்று வரும், உண்மையில் வைரஸ் லட்சக்கணக்கில் இருக்கும். எடுத்த 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் எல்லா லேபிலும் இருக்கிறது, அது போதாது. ரோட்டரின் ஆரம் 15 செ.மீ. என்றால் 3000 ஆர்பிஎம் சுமார் 1500 ஜி (புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு விசை); ஆரம் 10 செ.மீ. என்றால் அதே 3000 வெறும் 1000 ஜி. ஜி கணக்கை எழுதுங்கள், 1500 ஜி, 10 நிமிடம்.

பிரித்த பிளாஸ்மாவை ஒரே குப்பியில் வைக்காதீர்கள். அரை மில்லி வீதம் மூன்று, நாலு குப்பி. ஒவ்வொரு முறை உருக்கி மறுபடி உறையவைக்கும்போதும் ஆர்என்ஏ சிதையும். ஒரு டெஸ்டுக்கு ஒரு குப்பி, மிச்சத்தைத் தூக்கிப்போடலாம். மைனஸ் 80 இல்லாத இடத்தில் மைனஸ் 20ல் கொஞ்ச நாள் வைக்கலாம், ஆனால் தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் ஆகாது. அது தினமும் சூடாகிக் குளிர்கிறது, மாதிரி உள்ளே உருகி உருகி உறைகிறது.

டெல்டாவுக்கென்று ஒரு கூடுதல் பிரச்சினை கரண்ட். 2018 நவம்பர் 16 கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாகை, வேதாரண்யம், மன்னார்குடி பக்கமெல்லாம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மைனஸ் 80 பெட்டியைத் திறக்காமல் வைத்தாலும் ஒரு நாளைக்கு மேல் நம்பமுடியாது. அக்டோபர் பிறப்பதற்குள் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு குப்பியை வேறு ஊர் லேபுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். டீசல் இருக்கிறதா, ஃப்ரீசர் அந்த லைனில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பிசிஆர் கற்க டெல்லி போக வேண்டாம். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி வைராலஜி ஆய்வகத்தில் கோவிட் முதல் அலையிலேயே ஆர்டி-பிசிஆர் ஓடியது. கலவை தயாரிக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, பெருக்கும் அறை என்று ஒரே திசையில்தான் ஆள் நடக்க வேண்டும். கடைசி அறையில் போட்ட கோட்டோடு முதல் அறைக்குத் திரும்பினால் அந்த வாரம் எல்லாமே பாசிட்டிவ்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் கை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் மூன்று ஊசி போட்டு, மூன்றாவதிலிருந்து 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-எச்பிஎஸ் (பாதுகாப்புத் தரும் ஆன்டிபாடி) பாருங்கள். 10 மில்லி ஐயுவுக்குக் கீழே என்றால் இன்னொரு சுற்று. ஊசி போட்ட கையோடு எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் செய்யாதீர்கள்; தடுப்பூசியில் இருப்பதே அந்த ஆன்டிஜன்தான், இரண்டு மூன்று வாரம் வரை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

---

தலடி

கீழாநெல்லிக்கு வருகிறேன். வம்பு இல்லை தம்பி, ஆனால் 1988ஐப் படிக்காமல் தொட்டால் வம்பு.

ஹெபடைடிஸ் பி ஆன்டிஜனைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கிய பரூக் புளும்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் சேர்ந்து 1988ல் லான்செட்டில் எழுதினார்கள். நாள்பட்ட பி தொற்று உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி, 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். முடித்து 15 முதல் 20 நாளில் பார்த்தபோது மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்திருந்தது. மருந்தில்லாத போலிப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

ஏன் என்பதில்தான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. கணக்கில் வந்தவர்கள் ஒரு பக்கம் 37, மறுபக்கம் 23. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தவுடனேயே விடுபட்டவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். எச்பிஎஸ்ஏஜி தானாக மறைவது ஆண்டுக்கு 1 சதவீத அளவில்தான்; ஆகவே 30 நாளில் 59 சதவீதம் என்றால் ஒன்று பெரிய அதிசயம், இல்லையென்றால் எங்கோ பிசகு. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவ் என்று உறுதி செய்யாமல் சேர்த்தால், தானாகக் குணமாகிக்கொண்டிருக்கும் புதுத் தொற்றும் உள்ளே புகுந்துவிடும். எந்த ஆய்வு எழுதினாலும் இதை முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு செடி. கீழாநெல்லி, செங்கீழாநெல்லி, மேலாநெல்லி மூன்றும் வேறு இனம், சந்தையில் ஒரே கட்டாக வரும். மழைக்காலத்தில் பிடுங்கியதும் வெயிலில் காய்ந்ததும் ஒன்றல்ல. ஆகவே தாவரவியலாளர் ஒருவர் அடையாளம் பார்த்து, ஹெர்பேரியத்தில் ஒரு தாள் ஒட்டி வைக்காமல் பொடி இடிக்கவே கூடாது.

திடீரென வந்து தானே போகும் காமாலையில் இதைச் சோதிக்க நினைப்பது அதைவிடக் கஷ்டம். ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் தானே அடங்கும். மூன்றாவது வாரம் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர். இதனால்தான் ஊரில் கைராசிக்காரர்கள் இத்தனை பேர்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். காமாலையோடு சேருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே படிவம்: என்ன செடி, யார் கொடுத்தது, மோரிலா பாலிலா, எத்தனை நாள், கூடவே பேதிக்குக் கொடுத்தார்களா, மூக்கில் சொட்டு விட்டார்களா, சூடு போட்டார்களா. பேதிக்குக் கொடுத்து நீர் வற்றி, கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ஏறுவது) ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது எத்தனை பேருக்கு என்று இந்த மண்ணில் எண்ணி எழுதினாலே பயனுள்ள கட்டுரை. சாடும் தொனியில் கேட்டால் மறைத்துவிடுவார்கள். வீட்டு வைத்தியம் என்ன பார்த்தீங்க என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

---

பி.எச்.சி_திருமருகல்_ரோடு

400 பேர் சர்வேயைப் பற்றி யாரும் பேசவில்லையே.

கணக்கு இதுதான். இந்தியாவில் எச்பிஎஸ்ஏஜி பரவல் சுமார் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 1 சதவீதம் முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் 3.84 (95 சதவீத நம்பிக்கைக்கான எண்) பெருக்கல் 0.03 பெருக்கல் 0.97, வகுத்தல் 0.0001; வருவது 1118. கிராமம் கிராமமாக எடுப்பதால் ஒரே வீட்டில், ஒரே தெருவில் தொற்று குவிந்திருக்கும். அதற்கு இரட்டிப்பு, 2236. பத்தில் ஒருவர் ஊசிக்குக் கை நீட்டமாட்டார், ஆக 2485. 400 பேரில் 12 பேர் பாசிட்டிவ் வந்தால் அதை வைத்து ஆண், பெண், வயது என்று பிரிக்கவே முடியாது. நாலு கிராமம் என்பதும் போதாது. குறைந்தது 30 கிராமம், கிராமத்துக்குக் குறைவான ஆள்.

கார்டு டெஸ்டைப் பற்றி: ஹெபடைடிஸ் சி-க்கு இன்னும் ஆபத்து. ஊரில் சி ஆன்டிபாடி அரை சதவீதம் பேருக்கு என்றும், கார்டு 99 சதவீதம் சரி என்றும் வைத்துக்கொண்டால், 10,000 பேரில் உண்மைப் பாசிட்டிவ் 50, பொய்ப் பாசிட்டிவ் 100. மூன்றில் இரண்டு பேரை வீணாகப் பயமுறுத்துவீர்கள். ஆன்டிபாடி நிஜமாகவே இருந்தாலும் வைரஸ் இப்போது இருக்கிறது என்று பொருளல்ல. ஆர்என்ஏ பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

பாசிட்டிவ் வந்தவரை எங்கே அனுப்புவது என்பதை ரத்தம் எடுக்கும் முன் எழுதிவைக்க வேண்டும். 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் டெனோஃபோவிரும், சோஃபோஸ்புவிர் சேர்ந்த 12 வார சி மருந்தும் இலவசம். கிராமத்தில் முடிவுத் தாளை வீட்டு வாசலில் கொடுத்தால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். மூடிய கவர், தனி அறை, சம்பந்தப்பட்டவர் கையில் மட்டும். கிராம செவிலியர் மூலமாகக்கூட அனுப்பாதீர்கள்.

காமாலை பரவும்போது இன்னொரு விஷயம். ஏ-க்கு அடைகாலம் சராசரி 28 நாள், இ-க்கு 40 நாள் போல. இன்று தெருக்குழாயில் எடுக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் எந்தப் பொருளும் இல்லை. குற்றம் நடந்தது போன மாதம். பஞ்சாயத்தின் மோட்டார் ஓட்டுபவரிடம் எப்போது பைப் உடைந்தது, எத்தனை நாள் மோட்டார் ஓடவில்லை, டேங்குக்குப் பிளீச்சிங் எப்போது போட்டார் (1000 லிட்டருக்கு 4 கிராம்) என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். வாய்க்காலுக்குள் ஓடும் பைப்பில் சப்ளை நின்றால் அழுக்கு உள்ளே உறிஞ்சப்படும். கர்ப்பிணிக்கு மூன்றாவது டிரைமெஸ்டரில் இ வந்தால் உயிராபத்து 20 சதவீதத்தைத் தாண்டலாம், அவர்களை முதல் நாளே தேடிப் பிடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சம்பா, தாளடி வயலில் இறங்கியவருக்கு வரும் காமாலையை எல்லாம் வைரஸ் என்று எழுதிவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதே நேரம்தான் வரும். வைரஸ் ஹெபடைடிஸில் ஏஎல்டி (கல்லீரல் நொதி) ஆயிரத்தைத் தாண்டும். எலிக்காய்ச்சலில் பிலிருபின் 15, 20 என்று இருக்கும், ஏஎல்டி பெரும்பாலும் 200க்குள், கூடவே கிரியாட்டினினும் சிபிகேயும் (தசை நொதி) ஏறும், கெண்டைக்கால் வலிக்கும். முதல் வாரத்தில் ஐஜிஎம் ஆன்டிபாடி பெரும்பாலும் வராது, அப்போது ரத்தத்தில் பிசிஆர்.

---

மண்ணியாறு

எல்லாருக்கும் நன்றி. சர்வேயைக் கைவிடுகிறேன். தலடி சார் சொன்ன படிவம் ஒன்று. கூடவே ஒரு சிறு வேலை: பச்சைக் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி பிறப்பு டோஸ் 24 மணிக்குள் போகிறதா என்று பிரசவ வார்டுப் பதிவேட்டில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். புதிதாக ஊசி குத்த வேண்டாம், செலவில்லை. இதில் என்ன எடுக்க வேண்டும்?

---

பி.எச்.சி_திருமருகல்_ரோடு

நல்ல தேர்வு. தாயிடமிருந்து வரும் தொற்றுதான் 90 சதவீதம் நாள்பட்டதாக மாறுவது. பெரியவர்களுக்கு வந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே.

முதலில் பதிவேட்டில் ஊசி போட்ட நேரம் இருக்கிறதா பாருங்கள். பல இடத்தில் தேதி மட்டும் இருக்கும். இரவு 11 மணிக்குப் பிறந்து மறுநாள் இரவு 10 மணிக்குப் போட்டதும், காலை 6 மணிக்குப் பிறந்து மறுநாள் மாலை போட்டதும் தேதியில் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது 24 மணிக்குள், இரண்டாவது இல்லை. நேரம் இல்லையென்றால் முன்கூட்டியே ஒரு மாதம் நேரத்தோடு எழுதச் சொல்லி, அதற்குப் பிறகான பிறப்புகளை மட்டும் எடுங்கள்.

வகுக்கும் எண் எல்லா உயிருள்ள பிறப்பும். ஊசிப் பதிவேட்டிலிருந்து தொடங்கினால் போடாத குழந்தை கணக்கிலேயே வராது, 100 சதவீதம் என்று வந்து நிற்கும். பிரசவப் பதிவேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழந்தையையும் ஊசிப் பதிவேட்டில் தேடுங்கள். விடுபடுவது பெரும்பாலும் எடை குறைந்து தீவிர சிகிச்சைக்கு மாற்றிய குழந்தை, ஞாயிறு, பண்டிகை நாள், இரவுப் பிரசவம். இவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள். தாயின் எச்பிஎஸ்ஏஜி முடிவுக்கும் ஒரு கட்டம். பாசிட்டிவ் என்றால் குழந்தையின் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் போட்டார்களா, எத்தனை மணிக்கு.

10 டோஸ் குப்பியை ஒரு குழந்தைக்காகத் திறக்கத் தயங்குவார்கள். திறந்த குப்பியை விதிப்படி குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது தெரியாத வார்டு உண்டு. இதைக் கேள்வியாகவே வையுங்கள்.

---

அரசலாறு

ஐஎல்ஆர் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) வெப்பப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடுப்பூசி வெயிலைவிட உறைபனிக்குத்தான் பயப்படும். அலுமினிய உப்பில் ஒட்டியிருக்கும் மருந்து உறைந்தால் கட்டி கட்டியாகும், வீரியம் போய்விடும். சந்தேகம் வந்தால் அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி மேசையில் வையுங்கள். சந்தேகக் குப்பியும் உறைந்த குப்பியின் வேகத்திலேயே அடியில் படிந்தால் அதைப் போடக்கூடாது.

பதிவேடுதானே என்று எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒப்புதல் கையெழுத்துக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் வைக்கலாம். பெயர், போன் நம்பர் எடுக்காமல் வரிசை எண் மட்டும் என்று எழுதினால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் தரவு எடுக்கத் தொடங்கிய பிறகு போனால் கொடுக்கமாட்டார்கள். கமிட்டி பல கல்லூரியில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். அடுத்த கூட்டம் எப்போது என்று நாளைக்கே ஆபீசில் கேட்டுவிடுங்கள்.